இயேசு யார் என்று ஓர் இஸ்லாமிய நண்பரோடு ஆறு ஆண்டுகள் பேசியதில் கற்றவை

ஆறு ஆண்டுகளுக்கு முன், அலுவலகத்தில் மதிய இடைவேளையின்போது, என்னைவிடப் பத்து வயது மூத்த இஸ்லாமிய நண்பர் ஒருவர், "கடவுளுக்கு மகன் உண்டென்றால், மனைவி யார் தம்பி?" என்று என்னிடம் கேட்டார். குர்ஆனின் 6ஆம் அத்தியாயம் 101ஆம் வசனம் எழுப்பும் கேள்வியையே அவர் கேட்டார் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அன்று அதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டு, "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்ற யோவான் 10:30ஐச் சட்டென்று சொன்னேன். அவர் தயங்காமல், "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று அதே யோவானின் 14ஆம் அதிகாரத்திலிருந்து பதில் சொன்னார். நான் சீடர் தோமாவின் "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கையை எடுத்தேன், அவர் "தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே" என்ற மாற்கு 10:18ஐ எடுத்தார். சுற்றி நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து எழுந்தபோது இருவருமே வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுந்தோம். அன்றிரவு படுத்த பிறகுதான், அவர் கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது உறைத்தது. கடவுளுக்கு மனைவி உண்டு என்று எந்தக் கிறிஸ்தவனும் நம்புவதில்லை. அப்படியானால் "மகன்" என்று சொல்லும்போது நான் உண்மையில் எதைச் சொல்கிறேன்?

இந்த உரையாடலில் இறங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, பார்வையாளர் இருக்கும் இடத்தில் பேசாதீர்கள் என்பதுதான். நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தால், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் துணிவு யாருக்கும் வருவதில்லை. அந்தத் துணிவு இல்லாத இடத்தில் இந்தப் பொருளைப் பற்றி ஒரு வாக்கியம்கூட நேர்மையாகப் பேச முடியாது. சில வாரங்கள் கழித்து நான் அவரிடம் தனியாகச் சென்று, "அண்ணா, அன்று நான் உங்கள் கேள்விக்கு விடை தரவில்லை" என்றேன். அப்படித்தான் வாரத்தில் ஒரு மாலை இருவரும் சேர்ந்து படிக்கும் வழக்கம் தொடங்கியது. ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டோம். அவரவர் நம்பிக்கையை அவரவரே சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று மற்றவர் தலையசைத்த பிறகே மறுப்பைத் தொடங்கலாம். கேட்பதற்கு எளிய விதி. ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை அவரும், இறைவனுக்கு வேறெதையும் சமமாக்கும் பாவமான இணைவைத்தல் என்றால் என்ன என்பதை நானும் ஒருவருக்கொருவர் ஒப்பும்படி திருப்பிச் சொல்வதற்கே முதல் நான்கு மாதங்கள் ஆகிவிட்டன.

"மகன்" என்ற சொல்லில்தான் அதிக நாள் நின்றோம், அங்கே நின்றது வீண்போகவில்லை. குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் நான்கே வசனங்கள் கொண்டது. அல்லாஹ் ஒருவன், எவரிடத்தும் தேவையற்றவன், அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை, அவனுக்கு நிகராக எவரும் இல்லை என்பது அதன் பொருள். மறுபக்கம், 325இல் திருச்சபை ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் வகுத்த விசுவாசப் பிரமாணம், குமாரன் "பிறப்பிக்கப்பட்டவர், படைக்கப்பட்டவர் அல்லர்" என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று மற்றொன்றை நேருக்கு நேர் மறுப்பதாகவே தோன்றும். ஆனால் நிசேயாவில் "பிறப்பிக்கப்பட்டவர்" என்றபோது, உடலும் காலமும் தாயும் சேர்ந்த ஒரு பிறப்பை அந்த ஆயர்கள் மனத்தில் கொள்ளவில்லை. "ஒளியினின்று ஒளி" என்பது அவர்கள் தந்த உவமை. விளக்கு எரியத் தொடங்கிய கணத்துக்கும் வெளிச்சம் உண்டான கணத்துக்கும் இடைவெளி இல்லாததுபோல, பிதா இருந்து குமாரன் இல்லாதிருந்த நேரம் ஒன்று இருந்ததில்லை என்பதே அதன் கருத்து. கடவுள் ஒரு பெண்ணைச் சேர்ந்து பிள்ளை பெற்றார் என்பது குர்ஆனுக்கு எவ்வளவு அருவருப்போ, அந்த ஆயர்களுக்கும் அவ்வளவு அருவருப்பு.

இதைவிட என் நண்பரை அசைத்தது வேறொன்று. நிசேயா சங்கம் கூடியதற்குக் காரணம், குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது என்று ஆரியுஸ் என்ற மூப்பர் போதித்தது. அவரை எதிர்த்தவர்களின் வாதத்தில் ஒன்று, படைக்கப்பட்ட ஒருவரை நாம் வணங்கினால் அது விக்கிரக வணக்கம் என்பது. இதை விளக்கியபோது அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இணைவைத்துவிடக் கூடாதே என்ற அச்சம் உங்கள் பக்கத்திலும் இருந்திருக்கிறது" என்றார். இருந்தது, இன்றும் இருக்கிறது. "அப்படியென்றால் ஆரியுஸ் எங்கள் ஆள்தானே?" என்று அடுத்த வாரம் கேட்டார்; பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆரியுஸின் குமாரன் உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்தவர், அவர் வழியாகவே மற்ற எல்லாம் படைக்கப்பட்டன. குர்ஆன் காட்டும் இயேசுவான ஈஸா நபியோ மர்யமிடம் பிறந்த மனிதர், இறைத்தூதர். படைப்பில் அவருக்குப் பங்கு எதுவும் கிடையாது. ஆரியுஸை இரண்டு வீட்டிலும் முழுமையாகக் குடியமர்த்த முடியாது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

நிசேயாவில்தான் இயேசு வாக்கெடுப்பு மூலம் கடவுளாக்கப்பட்டார் என்ற பேச்சையும் அண்ணன் எங்கோ கேட்டிருந்தார். அது தவறு என்பதற்கு நான் ஒரு பழைய கடிதத்தைக் காட்டினேன். சுமார் 112இல் பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியற்காலையில் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கொண்டு பாடுவதைக் குறிப்பிடுகிறார். அது சங்கத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தையது, எழுதியவரும் கிறிஸ்தவர் அல்லர். வணக்கம் முதலில் இருந்தது, அதை எந்தச் சொல்லால் சொல்வது என்ற சண்டை பிறகு வந்தது. அண்ணன் இதை ஏற்றார். ஆனால் அவர் சேர்த்துச் சொன்னதையும் நான் இங்கே எழுத வேண்டும்: ஒரு வணக்கம் பழையது என்பதால் அது சரியாகிவிடாது. அவர் சொன்னது சரி.

அடுத்து, நான் செய்த தவறு. "உங்கள் வேதமே இயேசுவை இறைவனின் வார்த்தை என்கிறதே" என்ற வாதத்தை நான் பெரிய ஆயுதமாக நினைத்திருந்தேன். 3ஆம் அத்தியாயம் 45ஆம் வசனமும் 4ஆம் அத்தியாயம் 171ஆம் வசனமும் அவரை இறைவனிடமிருந்து வந்த வார்த்தை என்கின்றன. யோவான் நற்செய்தி "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்தால் முடிந்தது என்று எண்ணினேன். அண்ணன் கோபப்படவில்லை. "முழு வசனத்தையும் வாசியுங்கள் தம்பி" என்றார். 4:171 வேதக்காரர்களை நோக்கி, உங்கள் மார்க்கத்தில் வரம்பு மீறாதீர்கள் என்று தொடங்கி, மூன்று என்று சொல்லாதீர்கள் என்று தொடர்கிறது. இயேசுவைக் கடவுள் என்று சொல்லக் கூடாது என்று தடுக்கும் வசனத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லை உருவி எடுத்து, அவர் கடவுள் என்று நிறுவ நான் முயன்றிருக்கிறேன். எருசலேமில் 691-692 காலத்தில் எழுப்பப்பட்ட இஸ்லாமியத் தலமான பாறைக் குவிமாடத்தின் உட்புறக் கல்வெட்டில் பொறிக்கப்பட்டவற்றில் இந்த வசனமும் உண்டு. கிறிஸ்தவ நகரத்தின் நடுவே அது எந்தக் கருத்தில் பொறிக்கப்பட்டது என்பதில் ஐயமே இல்லை. "வார்த்தை" என்பதற்கு இஸ்லாமிய உரையாசிரியர்கள் பெரிதும் தரும் பொருளும் வேறு: இறைவன் "ஆகு" என்று சொன்ன கட்டளையால் தந்தையின்றி உண்டானவர் என்பதால் அந்தப் பெயர். ஈஸாவுக்கு உதாரணம் ஆதம் போன்றது என்று 3:59 சொல்வதும் அதையே வலியுறுத்துகிறது.

ஆகவே நான் சொல்லும் இரண்டாவது நடைமுறைப் பாடம் இது: மற்றவரின் வேதத்தைக் கொண்டு உங்கள் கொள்கையை நிறுவாதீர்கள். இது எனக்கு மட்டுமான பாடம் அல்ல. யோவான் 17:3இல் "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும்" என்ற சொற்களை எடுத்து, அதே அதிகாரத்தின் 5ஆம் வசனத்தில் உலகம் உண்டாவதற்கு முன்னே பிதாவிடத்தில் தமக்கு இருந்த மகிமையைப் பற்றி இயேசு பேசுவதை விட்டுவிடும் பழக்கம் அண்ணனிடமும் இருந்தது. அதன்பின் ஒரு வசனத்தை மேற்கோள் காட்டினால், அந்த அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசிப்பது என்று முடிவு செய்தோம். எங்கள் மாலைகள் நீண்டன. வாதங்கள் பாதியாகக் குறைந்தன.

ஆனாலும் "வார்த்தை" என்ற சொல் எங்களை விடவில்லை, அதுவே எங்களுடைய மிகச் சிறந்த உரையாடலுக்கும் வழியானது. 8ஆம் நூற்றாண்டில் இஸ்லாமிய ஆட்சியின்கீழ் வாழ்ந்த கிறிஸ்தவ இறையியலாளர் தமஸ்குவின் யோவான், இறைவனின் வார்த்தையையும் ஆவியையும் அவரிடமிருந்து பிரித்தால் நீங்கள் இறைவனையே துண்டாக்குகிறீர்கள் என்று வாதிட்டார். இதை நான் சொன்னபோது, இதே போன்ற கேள்வியை முஸ்லிம்களும் தங்களுக்குள் கேட்டிருக்கிறார்கள் என்று அண்ணன் எடுத்துக்காட்டினார். குர்ஆன் படைக்கப்பட்டதா, இல்லையா என்பதே அந்தக் கேள்வி. இறைவனின் பேச்சு என்றென்றும் இருப்பது என்றால் அவனோடு இன்னொன்றும் என்றென்றும் இருக்கிறது என்றாகிவிடாதா என்று முஃதஸிலாக்கள் என்ற இஸ்லாமிய இறையியல் பிரிவினர் அஞ்சினார்கள். 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டதே என்று அறிஞர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என விசாரணை தொடங்கினார். ஒப்ப மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையும் சவுக்கடியும் பட்டார். இறைவனின் பேச்சு படைக்கப்படாதது என்பதே பின்னர் சுன்னத் வல் ஜமாஅத்தின், அதாவது சுன்னி முஸ்லிம்களின், நிலைப்பாடாக நிலைத்தது.

இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பை எழுத்தில் சொல்வது கடினம். கிறிஸ்துவை நபிகளோடும் பைபிளைக் குர்ஆனோடும் ஒப்பிட்டே பழகிய எனக்கு, ஒப்பிட வேண்டியது கிறிஸ்துவையும் குர்ஆனையும்தான் என்று அன்றுதான் விளங்கியது. என்றுமுள்ள வார்த்தை காலத்துக்குள் வந்தது என்று இருவருமே நம்புகிறோம். அவர்களுக்கு அது ஓதப்படும் வேதமாக வந்தது, எங்களுக்கு மாம்சமாக வந்தது. நான் உற்சாகத்தில் இதைச் சற்று அதிகமாகவே நீட்டிவிட்டேன். அண்ணன் நிதானமாக நிறுத்தினார். "நாங்கள் குர்ஆனை வணங்குவதில்லை; குர்ஆனிடம் துஆ, அதாவது பிரார்த்தனை, கேட்பதில்லை. பேச்சு என்பது இறைவனின் பண்பு; அது இறைவனோடு பேசும் இன்னொருவர் அல்ல. உங்கள் வார்த்தையோ பிதாவிடம் ஜெபிக்கிறது" என்றார். அந்த மறுப்புக்கு என்னிடம் உடனடி விடை இல்லை. ஒப்புமை எதுவரை செல்கிறதோ அதுவரை மட்டும் அதை வைத்துக்கொள்வது என்பதை அன்று கற்றேன். இரண்டு சமயங்களும் சொல்வது ஒன்றே என்று முடித்துவிட ஆசைப்படும் நல்லெண்ணக்காரர்கள் உண்டு. அவர்கள் நல்லவர்கள், ஆனால் இருவர் சொல்வதையும் கேளாதவர்கள்.

அவரவர் பக்கத்தில் உள்ள பலவீனமான ஆதாரத்தை அவரவரே கைவிட வேண்டும் என்பதையும் அனுபவம் கற்றுக்கொடுத்தது. பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்ற 1 யோவான் 5:7ஐ நான் சிறுவயதிலிருந்து மனப்பாடமாக வைத்திருந்தேன். அது பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்று அண்ணன் சொன்னபோது முதலில் மறுத்தேன். பிறகு தேடிப் பார்த்தேன். அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்புகளில் அந்த வரி இல்லை; 1522 பதிப்பில்தான் சேர்த்தார். அடுத்த சந்திப்பில் அதைச் சொல்லி, இனி அந்த வசனத்தை எடுக்கமாட்டேன் என்றேன். திரித்துவம் அந்த ஒரு வரியில் நிற்கவில்லை என்பதால் எனக்கு இழப்பும் இல்லை. இரண்டு மாதம் கழித்து அவரும் தம்மிடம் இருந்த, பர்னபாஸின் பெயரில் வழங்கும் பர்னபாஸ் நற்செய்தியைக் கீழே வைத்தார். அதன் கையெழுத்துப் பிரதிகள் இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் மிகப் பிற்காலத்தில் கிடைப்பவை. அதைவிட முக்கியமாக, அந்நூலில் இயேசு தாம் மெசியா அல்ல என்கிறார், குர்ஆனோ அவரை அல்மஸீஹ், அதாவது மெசியா, என்றே அழைக்கிறது. "என் வேதத்துக்கே மாறானதை உங்களிடம் ஆதாரமாகத் தந்திருக்கிறேன்" என்று வருந்தினார். அவ்வளவு நேர்மையான மனிதர் அவர்.

நற்செய்திகளில் மாற்குவைப் படித்தது எனக்குப் பயன் தந்தது. யோவான் பிற்காலத்தது, அதில்தான் தெய்வத்தன்மை பேசப்படுகிறது என்பது அண்ணனின் கருத்து. நான்கில் முந்தையதாக அறிஞர்கள் பெரும்பாலும் கருதும் மாற்குவிலேயே, 2ஆம் அதிகாரத்தில், இயேசு திமிர்வாதக்காரனுடைய பாவங்களை மன்னிக்கிறார். தேவன் ஒருவரைத் தவிர பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார் என்று வேதபாரகர் சிந்திக்கிறார்கள். 14ஆம் அதிகாரத்தில், நீ கிறிஸ்துதானா என்று கேட்டதற்கு இயேசு நான் அவர்தான் என்றதும், பிரதான ஆசாரியன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். அண்ணனின் பதில், அனைத்தும் அல்லாஹ்வின் அனுமதியால் நடந்தவை என்பது. களிமண் பறவைக்கு உயிர் தந்ததும் இறந்தவரை எழுப்பியதும் 3:49இல் அப்படித்தான் சொல்லப்படுகின்றன. பண்டைய திருச்சபை ஆசிரியர்களால் சுலபமாகக் கடக்க முடியாமல் போன மாற்கு 13:32, அதாவது அந்த நாளைக் குமாரனும் அறியார் என்ற வசனம், என்னையும் இன்றுவரை நிறுத்தி வைக்கிறது. இயேசு சிலுவையில் கொல்லப்படவில்லை என்று சொல்லும் குர்ஆனின் 4:157ஐ நாங்கள் வேண்டுமென்றே தனியே ஒதுக்கினோம். அது வேறொரு கேள்வி. இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெடும்.

இவ்வளவும் கடந்த பிறகு மிஞ்சியதைத்தான் உண்மையான வேறுபாடு என்கிறேன். குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 75ஆம் வசனம், மர்யமின் மகன் மஸீஹ் ஒரு தூதரே, அவருடைய தாய் உண்மையாளர், இருவரும் உணவு உண்பவர்களாக இருந்தார்கள் என்கிறது. பசித்தவர், உறங்கியவர், அழுதவர். அவரைக் கடவுள் என்பது கடவுளின் மாட்சிக்கு இழுக்கு என்று அண்ணன் முழு மனத்தோடு நம்புகிறார். நானும் அதே பசியையும் உறக்கத்தையும் கண்ணீரையும்தான் பார்க்கிறேன். 451இல் கல்சதோன் சங்கம் சொன்னபடி, ஒரே கிறிஸ்துவில் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் கலவாமலும் பிரியாமலும் இருக்கின்றன என்பதால், பசித்தது அவருடைய மனிதத்தன்மை என்று சொல்லிவிடலாம். அது சரியான விடை. ஆனால் அவரைத் தொடும் விடை அல்ல. நான் அவருக்கு வாசித்தது பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தை: "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்." கடவுளின் மாட்சியை நான் அந்தத் தாழ்வில்தான் கண்டேன் என்றேன். அவர் கேட்டது: "மன்னிக்க நாடினால் மன்னிக்க வல்லவன் ஏன் தாழ வேண்டும்? பிடரி நரம்பைவிட அருகில் இருப்பவன் ஏன் இறங்கி வர வேண்டும்?" பிடரி நரம்பைப் பற்றியவை 50ஆம் அத்தியாயம் 16ஆம் வசனத்தின் சொற்கள். இங்கே யாரும் யாரையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. இறைவனின் பெருமை எதில் இருக்கிறது என்பதில் இருவரும் முழுமையாக வேறுபடுகிறோம்.

இந்த வேறுபாட்டை மறைக்காமல் உறவு வைத்துக்கொள்ள முடியும் என்பதற்குப் பெரிய அமைப்புகளின் எழுத்துகளிலும் சான்று உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு, முஸ்லிம்கள் இயேசுவைக் கடவுளாக ஏற்பதில்லை எனினும் இறைவாக்கினராகப் போற்றுகிறார்கள், மரியாவையும் மதிக்கிறார்கள் என்று இரண்டு உண்மைகளையும் ஒரே மூச்சில் சொல்கிறது. 2007இல் 138 இஸ்லாமிய அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய கடிதம், பொதுவான சொல்லின்பால் வாருங்கள் என்ற 3:64ஐத் தலைப்பாகக் கொண்டது. அந்த வசனமே இறைவனுக்கு எதையும் இணையாக்கக் கூடாது என்ற நிபந்தனையைத் தன்னுள் வைத்திருக்கிறது. இரு தரப்பும் தங்கள் கருத்தை விட்டுக்கொடுத்து எழுதவில்லை.

சிறிய வழக்கங்களும் உதவின. அவர் ஈஸா நபி என்றும் நான் இயேசு ஆண்டவர் என்றும் சொல்வதை ஒருவருக்கொருவர் திருத்திக்கொள்வதில்லை. ஒருவர் வீட்டில் துக்கமோ நோயோ இருக்கும் வாரத்தில் இந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஒரே வாதம் மூன்றாம் முறை வந்தால் அந்த மாலைக்கு அத்துடன் நிறுத்திக்கொள்வோம். பிள்ளைகளைச் சாட்சிக்கு அழைப்பதில்லை.

சென்ற மாதம் 5ஆம் அத்தியாயத்தின் இறுதிப் பகுதிக்கு வந்தோம். என்னையும் என் தாயையும் இரு கடவுள்களாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீர் மக்களிடம் சொன்னீரா என்று அல்லாஹ் ஈஸாவைக் கேட்கும் இடம் அது. மரியாள் எங்கள் திரித்துவத்தில் இல்லையே என்று நான் முன்பே முறையிட்டிருந்தேன்; அந்த வசனம் திரித்துவத்தை வரையறுக்கவில்லை, யாரை வணங்கினார்கள் என்று கேட்கிறது என்பது அவருடைய விளக்கம். அன்று அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் 118ஆம் வசனத்துக்குச் சென்று, முதலில் அரபியில் ஓதி, பிறகு தமிழில் மெல்லச் சொன்னார்: நீ அவர்களைத் தண்டித்தால் அவர்கள் உன் அடியார்களே, நீ அவர்களை மன்னித்தால் நீயே வல்லமை மிக்கவன், ஞானமிக்கவன். நபிகள் ஓர் இரவு முழுவதும் தொழுகையில் இந்த ஒரு வசனத்தையே திரும்பத் திரும்ப ஓதியதாக ஹதீஸ் உண்டு என்றார். அந்த "அவர்கள்" என்ற சொல்லுக்குள் நான் இருக்கிறேன் என்பது இருவருக்கும் தெரியும். அவர் குரல் தாழ்ந்திருந்தது. இன்னொரு முறை ஓதச் சொன்னேன், ஓதினார். அடுத்த மாலைக்கு, தம்முடையவர்களுக்காக இயேசு பிதாவிடம் மன்றாடும் யோவான் 17ஐ எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். இம்முறை முதல் வசனத்திலிருந்து.